174 பந்து, 36 ரன், கொஞ்சம் ரீல்

லார்ட்ஸ் மைதானம், 1975 ஜூன் 7. ஆண்கள் கிரிக்கெட்டின் முதல் உலகக்கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 334 ரன் குவித்தது. டென்னிஸ் அமிஸ் மட்டும் 137. பதிலுக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய சுனில் கவாஸ்கர் கடைசிவரை அவுட்டாகவே இல்லை. 174 பந்து, 36 ரன், ஒரே ஒரு பவுண்டரி. அதாவது தனியாளாக 29 ஓவரைத் தின்று தீர்த்தார். இந்தியா 3 விக்கெட்டுக்கு 132. கையில் ஏழு விக்கெட்டை வைத்துக்கொண்டு 202 ரன்னில் தோற்றோம்.

ஏன் இப்படி? பிட்ச் மந்தம் என்றார்கள், அணித் தேர்வில் அதிருப்தி என்று வதந்தி கிளப்பினார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. என் பங்குக்கு ஒரு ரீல் விடுகிறேன். இது சுத்தமான கற்பனை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

கேப்டன் நம்ம சென்னை வெங்கட்ராகவன். கிண்டியில் எஞ்சினியரிங் படித்தவர். முதல் நாள் இரவு, "சுனில், 60 ஓவர் தாங்கணும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எஞ்சினியர் 'தாங்கணும்' என்றால் பாலம் தாங்குவதைத்தானே சொல்வார்? காலையில் பார்த்தால் வெள்ளை பேண்ட், சிவப்புப் பந்து. (அன்று ஒருநாள் ஆட்டத்துக்கும் அதுதான், இது ரீல் இல்லை.) சரி, டெஸ்ட்தான் என்று முடிவுகட்டிக் கட்டை போட ஆரம்பித்தார். பொறுக்கமாட்டாமல் ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் ஓடிவந்ததும் நிஜம். என் கதையில் ஒருவர் கைகூப்புகிறார்: "சார், கடைசி ரயிலைப் பிடிக்கணும், ரெண்டு அடி அடிங்களேன்!" கவாஸ்கர் கனிவாகச் சொல்கிறார்: "தாராளமா போயிட்டு வாங்க, இன்னும் நாலு நாள் இருக்கே."

சிக்கல் என்னவென்றால், உண்மை என் ரீலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. ஆட்டத் தொடக்கத்திலேயே பந்து தன் மட்டையில் உரசிக் கீப்பரிடம் போனதாகப் பின்னாளில் கவாஸ்கரே சொன்னார். யாரும் அப்பீல் செய்யவில்லை, இவரும் நடையைக் கட்டவில்லை. ஏன் போகாமல் நின்றோம் என்று பிறகு நொந்துகொண்டார். இதை நான் கதையாக எழுதிக் கொடுத்திருந்தால், "கொஞ்சம் நம்புற மாதிரி எழுதுங்க" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அணி மேலாளர் ராம்சந்த் கவாஸ்கரை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். சுயநலம் என்ற பழியை நான் ஏற்கமாட்டேன். இந்தியாவுக்கே அது மூன்றாவது ஒருநாள் ஆட்டம். விக்கெட்டைக் காப்பதொன்றே தொழில் என்று வளர்ந்தவருக்கு அவுட்டாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் 29 ஓவரில் நாலு முறையாவது கண்ணை மூடிக்கொண்டு சுற்றியிருக்கலாம்.

அதே மனிதர் 1987 உலகக்கோப்பையில், நாக்பூரில், நியூசிலாந்துக்கு எதிராக 88 பந்தில் 103 அடித்தார். அதுதான் அவருடைய ஒரே ஒருநாள் சதம். வயது 38, உடம்பில் காய்ச்சல்.