மிளகின் துணைவேலை

கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருக் கடைகளின் கருமிளகுக்குக் காரம் தருவது பைப்பரின் என்னும் வேதிப்பொருள். கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து வெயிலில் உலர்த்தினால், பச்சைத் தோல் கறுத்துச் சுருங்கி மிளகாகிறது. முற்றிய மணி கனமாக இருக்கும், விரலால் நசுக்கினால் உடையாது. பொக்கு மிளகு உடனே நொறுங்கிவிடும்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் எண்ணற்ற ஆயுர்வேத, சித்த மருந்துகளில் இடம்பெறுகிறது. அதன் காரணத்தைத் தேடிய ஜம்மு மண்டல ஆய்வுக்கூடத்தின் சி. கே. அடல் குழுவினர், 1970களின் இறுதியில் பைப்பரினை அடையாளம் கண்டனர். பிற மருந்துகளை உடலில் கூடுதலாகச் சேரவைக்கும் பொருள் அது. குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. குடல் செல்களுக்குள் நுழைந்த மருந்தைத் திருப்பி வெளியேற்றும் புரதத்தையும் மட்டுப்படுத்துகிறது. எளிய மணி ஒன்றுக்குள் இவ்வளவு நுட்பம் இருப்பது வியப்புக்குரியது.

இதன் பெரும்பயன் காசநோய் மருந்தில் கிடைத்தது. வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதில், 200 மில்லிகிராமுடன் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த கூட்டு மருந்து இந்தியாவில் உருவானது. மஞ்சளின் குர்குமினும் தனியே உண்டால் இரத்தத்தில் சேர்வது அற்பமே. 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது அந்த அளவு 20 மடங்கானதாக 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

ரசத்தில் இடும் மிளகு வேறு, செறிவூட்டிய பைப்பரின் மாத்திரை வேறு. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் இரத்த அளவையும் பைப்பரின் ஏற்றிவிடும். அத்தகைய மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரையைத் தொடக் கூடாது.