அழகிய வீதியும் அமர இடமும்

பொதுவிடம் என்பது சர்க்கார் பணத்தில் கட்டப்பட்ட இடம் மாத்திரமன்று. குலமும் மதமும் கைப்பணமும் கேட்கப்படாமல் எவரும் வந்து தங்கக்கூடிய இடமே பொதுவிடமாகும். இவ்வளவுகோலைக் கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’வைச் சற்றுப் பரிசீலிப்போம்.

2010 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான நஜீப்பும் மன்மோகன் சிங்கும் இதனைத் திறந்து வைத்தனர். 2015-ல் இந்திய அரசின் அன்பளிப்பாகத் தோரண வாயிலும் எழுந்தது. செங்கற்சூளையாலும் இரயில்வே உழைப்பாலும் உருவான பேட்டைக்கு இம்மரியாதை தகுந்ததே. ஆனால் வளைவும் நீரூற்றும் பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் உதவுவன. கடைகள் வாங்குவதற்கு உதவுவன. இருவர் அமர்ந்து பேசுவதற்கு உதவுவன எத்தனை?

கோயில் மண்டபமும் பேரங்காடியும் இல்லையா என்று சிலர் கேட்கலாம். மண்டபம் பக்தருக்கு உரியது. அங்காடி பணமுடையவருக்கு உரியது. பக்தியும் பணமும் இல்லாதவன் எங்கே உட்காருவான்?

நிற்க, நம் நகரங்களில் அஞ்சடி என்றொன்று உண்டு. 1822-ல் சிங்கப்பூருக்கு நகர் அமைப்பு வகுத்த ராஃபிள்ஸ், ஒவ்வொரு கடையின் முன்பும் தொடர்ச்சியான மூடிய நடை இருக்கவேண்டுமென விதித்தார். அவ்வழக்கம் மலாயா நகரங்களுக்கும் பரவிற்று. தனியார் நிலத்தில் ஒரு பங்கை வழிப்போக்கனுக்கு விடும்படி சட்டமே கட்டளையிட்ட அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கட்டுபவரும் துணி வாங்க வந்தவரும் ஊர்ச்செய்தி பேசி நிற்பது இந்நடையின் நிழலில்தான். அதையும் சரக்குப் பெட்டிகள் அடைத்துக் கொண்டால், மழைக்கு ஒதுங்கவும் பொருள் வாங்கியாகவேண்டும்.

தோட்டத்தில் செக்ரோல் எழுதும் நமக்கு இவ்வேற்றுமை நன்கு புரியும். பெரட்டுக் களத்தில் நூறு பேர் நிற்பர். பெயர் கூப்பிடுவதால் நிற்கின்றனர். அது கூட்டமேயன்றிக் கூடுதலன்று. தாமாக வந்து, தாமாகப் பேசி, தாமாகப் பிரிவதே மனிதர் கூடுதல். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்த முதியவருக்கு இன்று இல்லாதது அதுவே. ஒரு கோப்பைத் தேநீர்தான் அவர் நாற்காலிக்கு வாடகை. கோப்பை காலியானதும் எழுந்து போகவேண்டியவராகிறார்.

வைக்கத்தில் 1924-ல் மக்கள் போராடியது கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. நடக்கும் உரிமை வந்தது. தங்கும் உரிமை இன்னும் வரவில்லை. ஆகவே அடுத்த அலங்காரத்திற்குப் பணம் ஒதுக்குவோர், வளைவுக்கு முன் நிழல்மரமும், விசிப்பலகையும், குடிநீரும், ஒரு வாசகசாலையும் கேட்கப்படுகின்றன என்பதை உணர்வார்களாக. கேட்கவேண்டியவர்கள் நாமே.