டார்வினுக்கு நீதிமன்றம் மட்டும் போதுமா?

2005 ஜனவரி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூர். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி நிர்வாகிகள் ஓர் அறிக்கையை வாசித்தார்கள். டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு. உயிர்களின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற வேறு விளக்கமும் உண்டு. அதை அறிய விரும்புவோர் ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற நூலைப் பார்க்கலாம். இதுதான் அதன் சாரம். மாணவர்கள் அதுபற்றிக் கேள்வி கேட்க இடம் தரப்படவில்லை. இந்த அறிக்கையை வாசித்திருக்க வேண்டியவர்கள் உயிரியல் ஆசிரியர்கள். அறிவியல் அல்லாததை அறிவியல் என்று மாணவரிடம் சொல்வது தங்கள் தொழில் நெறிக்கு விரோதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அந்த ஆசிரியர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர்களைக் காப்பாற்றியது நீதிமன்றம்தான். பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார்: அறிவார்ந்த வடிவமைப்பு என்பது அறிவியல் அல்ல, கடவுளே உயிர்களைப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தின் மறு உருவமே, அரசுப் பள்ளியில் அதைப் புகுத்துவது அரசியல் சாசனத்துக்கு விரோதம். ஜோன்ஸை அந்தப் பதவிக்கு நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ். கட்சி பார்த்துத் தீர்ப்பு வரும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

இந்தச் சண்டையை அமெரிக்கா ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நீதிமன்றங்களில்தான் நடத்திவருகிறது. அந்த வழியின் பலம் என்ன என்பதற்கு டோவரைவிட நல்ல சான்று கிடையாது. மேடையில் எதையும் பேசலாம். சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச முடியும். பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியர் அந்தப் பாண்டா நூலின் பழைய கைப்பிரதிகளை வரிசையாக நீதிமன்றத்தில் காட்டினார். 1987-இல் உச்ச நீதிமன்றம் படைப்புவாதப் பாடத்தைத் தடை செய்வதற்கு முன்பு எழுதிய பிரதிகளில் ‘படைப்பு’ என்று இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு வந்த பிரதியில் அதே வாக்கியங்கள், அதே இலக்கணம். ‘படைப்பு’ இருந்த இடத்தில் மட்டும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’. ஓரிடத்தில் அவசரமாகத் திருத்தியதில் பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே நிற்க, நடுவில் புதிய சொல் செருகப்பட்டிருந்தது. ஆயிரம் கட்டுரைகள் எழுதினாலும் அந்த ஒரு அச்சுப்பிழை சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது.

அறிவார்ந்த வடிவமைப்பின் முதன்மை அறிஞரான மைக்கேல் பெஹே குறுக்கு விசாரணையில் ஒன்றை ஒப்புக்கொண்டார். அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தரும் இலக்கணத்தை ஏற்றால், சோதிடமும் அதற்குள் அடங்கும். நம் ஊரில் சோதிடத்தை அறிவியல் என்று வாதிடுவோரைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று புரியும்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். இது கடவுளுக்கும் அறிவியலுக்கும் நடக்கும் போர் என்ற கதையை நீதிமன்றமே உடைத்தது. டோவரில் பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன கென்னத் மில்லர் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1981-இல், பரிணாமத்துக்கு ஈடாகப் படைப்புவாதத்துக்கும் நேரம் தரச் சொன்ன ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ‘சம நேரம்’ சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் பலர் பாதிரியார்களும் ஆயர்களும்தான். மதத்தை ஆய்வகத்தில் நிரூபிக்கக் கிளம்புவது மதத்துக்கே இழுக்கு என்று அவர்கள் நினைத்தார்கள்.

இருதரப்பையும் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. வரி கட்டும் பெற்றோருக்குப் பாடத்தில் குரல் வேண்டும் என்ற வாதம் நியாயமானது. நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் புதைபடிவங்களும் மரபணு ஒப்பீடும் ஒரு பக்கம் குவிந்து கிடக்கையில், ஆய்வு எதையும் முன்வைக்காத ஒன்றுக்குச் சரிபாதி நேரம் கொடுத்தால், சான்று என்றால் என்ன என்பதையே குழந்தை தவறாகக் கற்றுக்கொள்ளும். மதத்தைப் பற்றிப் பேச வரலாற்று வகுப்பும் தத்துவ வகுப்பும் இருக்கின்றன.

இனி இந்த வழியின் குறைகள். 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியருக்குப் பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அபராதம் விதித்த முறை தவறு என்று தண்டனை ரத்தானது. பரிணாமப் பாடத்தைத் தடை செய்த அந்த மாநிலச் சட்டம் மட்டும் 1967 வரை இருந்தது. உலகமே டேட்டனைப் பார்த்துச் சிரித்தது. பதிப்பாளர்கள் சிரிக்கவில்லை. விற்பனைக்குப் பயந்து பாடநூல்களில் பரிணாமத்தைச் சுருக்கினார்கள், சிலர் அந்தச் சொல்லையே எடுத்தார்கள். சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு, 1960-களில்தான் புதிய உயிரியல் பாடநூல்கள் அதை மீண்டும் நடுவில் வைத்தன. ஸ்கோப்ஸ் பயன்படுத்திய பாடநூலிலேயே மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தும் பக்கங்கள் இருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. பரிணாமத்தின் பெயரால் அநீதியும் கற்பிக்கப்பட்டது.

அடுத்த குறை, ஒவ்வொரு தீர்ப்பும் எதிர்த்தரப்புக்கு அடுத்த வேடத்தைக் கற்றுக்கொடுத்தது. இத்தகைய தடைச் சட்டங்கள் 1968-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததும் ‘படைப்பு அறிவியல்’ வந்தது. அது 1987-இல் விழுந்ததும் ‘வடிவமைப்பு’ வந்தது. டோவருக்குப் பிறகு லூசியானா 2008-லும் டென்னசி 2012-லும், பரிணாமத்தை ‘விமர்சித்துப்’ பேச ஆசிரியருக்கு இடம் தரும் சட்டங்களை இயற்றின. இவற்றில் படைப்பு என்ற சொல்லே கிடையாது.

நீதிமன்றம் கேட்கும் கேள்வியிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசு மதத்தை ஆதரிக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பிள்ளைகள் உயிரியலைச் சரியாகக் கற்கிறார்களா என்பதல்ல. அந்த ஆதரவை அளக்க ஜோன்ஸ் கையாண்ட சோதனைகளை உச்ச நீதிமன்றமே 2022-இல், கென்னடி எதிர் பிரெமர்டன் வழக்கில் கைவிட்டுவிட்டது. டோவரில் பழைய பள்ளி வாரியம் தேர்தலில் தோற்று, புதிய வாரியம் மேல்முறையீடு செய்யாததால், அந்தத் தீர்ப்பு ஒரு மாவட்ட நீதிமன்றத்தோடு நின்றது. நாளை இதே வழக்கு வந்தால் இதே தீர்ப்பு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை வகுப்பறைக்குள் இருக்கிறது. மைக்கேல் பெர்க்மன், எரிக் ப்ளட்ஸர் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 2007-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களிடம் கருத்தாய்வு நடத்தினார்கள். டோவர் தீர்ப்பின் மை காயாத நேரம். பரிணாமத்தைத் தயங்காமல் கற்பித்தவர்கள் சுமார் 28 சதவீதம். படைப்புவாதத்தை ஆதரித்துப் பேசியவர்கள் 13 சதவீதம். மீதி ஏறத்தாழ 60 சதவீதம் பேர் எதிலும் சிக்காமல் நழுவியவர்கள். தேர்வுக்கு வேண்டும், படித்துக்கொள், நம்புவது உன் விருப்பம் என்று கடந்துபோனவர்கள். அவர்கள் மீது எந்த வழக்கும் போட முடியாது. பாடத்தைக் கொன்றது பெரும்பாலும் அந்த மௌனம்தான்.

2019-இல் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது நிலைமை மேம்பட்டிருந்தது. இது மேலே சொன்ன 28 சதவீதத்திலிருந்து வேறான அளவுகோல்: படைப்புவாதத்துக்கு இடம் தராமல் பரிணாமத்தை அறிவியலின் முடிந்த முடிவாகக் கற்பித்தவர்கள் 51 சதவீதத்திலிருந்து 67 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். இடையில் பெரிய வழக்கு எதுவும் நடக்கவில்லை. 2013-இல் பல மாநிலங்கள் ஏற்கத் தொடங்கிய புதிய அறிவியல் பாடத்திட்ட வரையறை பரிணாமத்தை மையத்தில் வைத்தது. ஆசிரியர் பயிற்சியும் கூடியது. பரிணாமத்தை நன்றாகப் படித்த ஆசிரியர் அதற்கு அஞ்சுவதில்லை. என் கணிப்பில், நீதிமன்றம் வாசலுக்குப் பூட்டுப் போடும். உள்ளே விளக்கேற்றுவது ஆசிரியர் கையில்தான்.

இந்தியாவில் பரிணாமத்தைப் பாடத்திலிருந்து எடுக்க வழக்குகூடத் தேவைப்படவில்லை. கொரோனாக் காலச் சுமைக் குறைப்பு என்று சொல்லி, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு நூலின் ‘மரபும் பரிணாமமும்’ பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அது இருக்கிறது, ஆனால் உயிரியல் எடுக்காத பிள்ளைகள் அதைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போவார்கள்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பாடமாக இருக்கிறது. பாடத்தை நேரில் காட்ட வேண்டுமென்றால், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் கிடக்கும் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக்குப் பேருந்திலேயே போய்வரலாம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தினார்களா, அல்லது ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் குறித்துக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களா? பின்னதென்றால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அதை மரியாதையோடு கேளுங்கள்.