தறிச்சத்தத்தில் பிக் பாஸ்

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோன். ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். பதினாறு தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. தறி ஓட்டுகிறவர் ஒருவர் கம்பியை வளைத்துத் தறிச்சட்டத்தில் மாட்டி, அதில் செல்போனைச் செருகிப் பிக் பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் பாவில். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும், தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். இன்னொரு கண் போனில். காதில் ஒன்றும் மாட்டவில்லை. "சத்தமே இல்லாம என்னத்தைப் பாக்கறீங்க?" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன். "பேச்சு எதுக்குங்க? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா, யாரு மேல தப்புன்னு?" என்று அவரும் கத்தினார்.

இந்த நிகழ்ச்சிகளின் ஈர்ப்பைப் பற்றி நான் படித்த விளக்கம் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அவருடைய சொல்லுக்கு யாரும் காத்திருப்பதில்லை. கூலியை முடிவு செய்வது வேறு ஆள், நூல் விலையை முடிவு செய்வது வேறு ஊர். போனுக்குள் இருக்கும் அந்த வீட்டில் யார் நல்லவர், யார் நடிக்கிறார் என்று சொல்வது மட்டும் அவர் கையில் இருக்கிறது. அழகும் பாட்டும் சண்டையும் அதற்கப்புறம்தான். முதலில் விற்கப்படுவது தீர்ப்புச் சொல்கிற சுகம்.

அந்தச் சுகம் ஊருக்குப் புதிதும் அல்ல. பொறணி என்ற பெயரில் திண்ணையிலும் தண்ணிக் குழாயடியிலும் எப்போதும் இருந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. சாயங்காலம் ஒருத்தியைப் பற்றிப் பொறணி பேசியவள், அடுத்த மாசம் அவள் வீட்டுச் சீருக்குத் தட்டம் தூக்கிக்கொண்டு போய் நின்றாக வேண்டும். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிருந்ததால் நாக்குக்கு ஓரளவு கட்டு இருந்தது. டிவியில் தெரிகிற பெண்ணின் வீட்டுச் சீருக்கு நமக்கு அழைப்பு வரப்போவதில்லை.

நெதர்லாந்தில் 1999-இல் தொடங்கிய 'பிக் பிரதர்' ஹிந்திக்கு 2006-இல் வந்தது. தமிழுக்கு 2017 ஜூன் 25 அன்று, விஜய் டிவியில், கமல்ஹாசன் தொகுப்பில். பூந்தமல்லிக்கு அருகே ஒரு படப்பிடிப்பு வளாகத்தில் போட்ட செட்தான் அந்த வீடு. அங்கே 24 மணி நேரம் நடப்பதில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் நம் வீட்டுக்கு வருகிறது. 2022-இலிருந்து முழு நேர நேரலையும் கிடைக்கிறது. ஆனாலும் மறுநாள் டீக்கடையில் பேசப்படுவது அந்த ஒரு மணி நேரம்தான். யாருடைய கோபம் காட்டப்பட வேண்டும், அதற்கு முன்னால் நடந்த சீண்டல் காட்டப்பட வேண்டுமா என்பதையெல்லாம் எடிட்டிங் அறையில் இருப்பவர் தீர்மானிக்கிறார். அவர் கொடுக்கும் சாட்சியை வைத்துத்தான் நாம் நீதிபதி ஆகிறோம்.

ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2019-இல், மூன்றாவது சீசனில், போட்டியாளராக இருந்த நடிகர் ஒருவர், கல்லூரிக் காலத்தில் பெண்களை உரசுவதற்காகவே பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார். அரங்கில் கைதட்டினார்கள். வெளியே எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நாளில் வீட்டிலிருந்தும் அனுப்பப்பட்டார். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறுகிற மில் வேலைப் பெண்ணிடமோ கல்லூரிப் பெண்ணிடமோ கேட்டால் அந்தப் பேச்சில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். நடிகர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு உறுத்தியது. அதுவும் எடிட்டிங் மேசையைத் தாண்டித்தான் வந்தது. வெட்டத் தெரிந்தவர்கள் வெட்டாமல் விட்டார்கள்.

நல்லது எதுவும் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 'கலக்கப்போவது யாரு' 2005-இலும் 'சூப்பர் சிங்கர்' 2006-இலும் தொடங்கின. அதற்கு முன்னால், சினிமாவில் மாமனோ மச்சானோ இல்லாத பையன் ஒருவன் கோடம்பாக்கத்தில் எந்தக் கதவைத் தட்டுவான்? திருச்சியில் இன்ஜினீயரிங் படித்த சிவகார்த்திகேயன் மிமிக்ரி மேடை வழியாகத்தான் சினிமாவுக்குப் போனார். நம்மூர் கோவை குணாவைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்ததும் அதே மேடை. 2023 மார்ச்சில் அவர் இறந்தபோது, சினிமாவில் அதிகம் நடிக்காத ஒரு கலைஞனுக்காக இத்தனை ஊர்கள் வருத்தப்பட்டதற்கு அந்தச் சில நிமிடங்களே காரணம். 2018-இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கியது சின்ன விஷயமல்ல. சங்கீதம் என்றால் இன்னதுதான் என்று வரம்பு கட்டி வைத்திருந்த மேடையில் மண்ணின் குரலுக்கு ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். 'குக் வித் கோமாளி' யாரையும் பெரிதாக அழவைக்காமல், சமைக்கத் தெரியாதவர்களையும் அடுப்படிக்குள் இழுத்துவந்து ஜெயித்தது. அதன் நடுவர் நாற்காலிக்கு 2024-இல் சிறுவாணி ரோட்டு மாதம்பட்டியிலிருந்து ஆள் போனபோது, கல்யாணச் சமையலில் கொங்கு நாட்டுக்கு இருக்கும் கெத்து டிவிக்கும் தெரிந்துவிட்டது என்று இங்கே பலருக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

ஆனாலும் இந்த மேடைகள் திறமைக்கு ஒரே ஓர் அளவை வைத்திருக்கின்றன: மூன்று நிமிடம், ஒரு கண்ணீர்க் கதை, ஒரு எலிமினேஷன். அதற்கு வெளியே கலை வளர முடியாதா என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் பக்கம் பத்ரப்பனைப் பார்க்கலாம். வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து, ஆண்கள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்துக்குள் பெண்களையும் கொண்டுவந்தவர். 87 வயதில், 2024-இல், பத்மஸ்ரீ வந்தது. இன்றைக்குக் கொங்குக் கிராமங்களில் கோயில் திடலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நிறச் சேலை கட்டி மணிக்கணக்கில் கும்மியடிக்கிறார்கள். அடி தப்பினால் பக்கத்து அக்கா காலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். யாரும் வெளியேற்றப்படுவதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனது இல்லை. எங்கள் அமிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், சின்னப் பிள்ளைகளின் பாட்டுப் போட்டியை விடாமல் பார்ப்பார். ஒரு நாள் எட்டு வயதுப் பெண் தோற்றுப்போய் மேடையில் தேம்பிக்கொண்டிருந்தாள். கேமரா அவள் முகத்துக்கு மிக அருகே போய் நின்றது. சோக இசை ஏறியது. "அந்தக் கண்ணுக்கு யாராச்சும் தண்ணி குடுங்களேன், படம் புடிச்சுட்டே நிக்கறாங்களே" என்றார் அமிச்சி. மேடையில் நடுவர்களும் பெற்றோரும் தொகுப்பாளரும் இருந்தார்கள். தண்ணீர் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்தக் காட்சி கெட்டிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள்படி, நிகழ்ச்சியில் பங்கேற்கும் குழந்தை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கி வைப்புக்குப் போக வேண்டும். நடனப் போட்டிகளில் குழந்தைகளை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் காட்டாதீர்கள் என்று 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் சேனல்களுக்கு எழுதியது. மணி நேரத்துக்கும் பணத்துக்கும் கணக்கு இருக்கிறது. அழும் குழந்தையின் முகத்தை எத்தனை நொடி காட்டலாம் என்பதற்கு இந்த விதிகளில் கணக்கு இல்லை.

அடுத்து, குடும்பச் சண்டையை அரங்கத்துக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சிகள். ஜீ தமிழில் 2011-இலிருந்து வந்த 'சொல்வதெல்லாம் உண்மை'தான் இவற்றில் பேர் பெற்றது. அதைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் வாய் திறக்க முடியாது. தாழ்த்தப்பட்டவர் திடலின் ஓரத்தில் நின்றார். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்படி எல்லா இடத்திலும் விரட்டப்பட்ட பெண், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் பக்கத்தை முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள். அந்த நாற்காலியின் மதிப்பு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாது.

அந்த நாற்காலிக்கு எதிரே கேமரா இருந்ததுதான் கோளாறு. வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஏழைகள். வசதியான வீட்டுச் சண்டை வக்கீல் ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும். இல்லாத வீட்டுச் சண்டை மாநிலம் முழுக்க ஒளிபரப்பாகும். தொகுப்பாளர் வருத்தத்தோடு சொன்ன ஒரு வாக்கியம் வேறு சேனலின் காமெடி மேடைக்குப் போய், அங்கிருந்து 2016-இல் 'ரஜினிமுருகன்' படத்தில் பாட்டாகவே ஆகிவிட்டது. நாடே சிரித்தது. யாருடைய அழுகையிலிருந்து கிளம்பிய சிரிப்பு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சிரித்தவன்தான்.

கொங்கு நாட்டில் இது சிரிப்போடு முடிகிற காரியம் அல்ல. சாதியின் பேரால் 2015-இல் திருச்செங்கோட்டில் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சியையும் நாம் டிவியில்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். சாதி தாண்டிக் கல்யாணம் செய்த ஜோடி எந்த ஊரில் இருக்கிறது என்பதே உயிர் சம்பந்தப்பட்ட ரகசியமாக இருக்கும் மண்ணில், ஓடிப்போன பெண்ணையும் அவள் அப்பனையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஊர்ப் பெயரோடு முகத்தைக் காட்டுவது பொழுதுபோக்கா? 2018-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரிட்டனில் இதே பாணியில் ஓடிய 'ஜெரமி கைல் ஷோ'வை, கலந்துகொண்டவர் ஒருவர் இறந்துபோனதும், 2019 மே மாதம் சேனலே நிறுத்தியது. பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் விதிகளை 2021 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். என் கருத்தை ஒளிக்கவில்லை: பாட்டுப் போட்டி இருக்கட்டும், பிக் பாஸும் இருந்துவிட்டுப் போகட்டும், விவரம் தெரிந்த பெரியவர்கள் ஒப்பந்தம் போட்டுப் போகும் வீடு அது. ஏழையின் குடும்பச் சண்டையை ஒளிபரப்பும் நிகழ்ச்சி இருக்கக்கூடாது. அந்தப் பெண்ணுக்கு நாற்காலி வேண்டும். அதை மகளிர் காவல் நிலையமும் சட்ட உதவி மையமும் போட வேண்டும்.

டிவி மேடை மனிதர்களை எவ்வளவு தூரம் மாற்றிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குக் கோயம்புத்தூரே ஒரு சோதனைச் சாலையாக இருந்தது. கமல் பிக் பாஸ் மேடையிலேயே அரசியல் பேசினார், 2018 பிப்ரவரியில் கட்சி தொடங்கினார், அப்போதும் நிகழ்ச்சியை விடவில்லை. நான்காவது சீசனில் வாரா வாரம் ஒரு புத்தகத்தை அறிமுகம் செய்தார், அது நல்ல காரியம். 2019 மக்களவைத் தேர்தலில் கோவையில் அவர் கட்சி வேட்பாளருக்கு 1.4 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 2021-இல் அவரே கோவை தெற்கில் நின்றார். வாரக் கடைசியில் வீட்டுக்கு வீடு வந்து தீர்ப்புச் சொன்ன முகம், நேரில் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்டது. பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் 1,728 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தோல்விக்குக் காரணம் டிவி என்று யாரும் சொல்ல முடியாது, அவ்வளவு நெருங்கி வந்ததற்கு டிவியும் ஒரு காரணம் என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்குப் பட்டது வேறு. பிக் பாஸ் முதல் சீசனில் போட்டியாளராக இருந்த ஓவியாவுக்கு நான் ஒரே நாளில் பல ஓட்டுப் போட்டேன். அப்போது அப்படிப் போட முடிந்தது. டவுன்ஹால் பக்கத்து வாக்குச்சாவடியில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, விரலில் மை, வெளியே வந்தால் சாக்கடையும் குடிதண்ணியும் யாரைக் கேட்பது என்ற கவலை. பார்வையாளன் வேறு, வாக்காளன் வேறு என்று ஊர் பிரித்துத்தான் வைத்திருந்தது. நம் ஜனங்கள் டிவிக்கு மூளையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிற கட்டுரைகளை அதன் பிறகு நான் நம்புவதில்லை.

தீர்ப்புச் சொல்லும் பழக்கம் போகாது. போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அதைப் போட்டியாளர் மேல் மட்டும் திருப்பாமல் சேனல் மேலும் கொஞ்சம் திருப்பலாம். கேபிள் டிவி விதிகளில் 2021 ஜூனில் செய்த திருத்தத்தின்படி, ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பார்வையாளர் புகார் கொடுத்தால் சேனல் 15 நாளுக்குள் அதைத் தீர்த்துவைத்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்குப் போகலாம், அதற்கும் மேலே அமைச்சகம் இருக்கிறது. அடுத்த தடவை மேடையில் ஒரு குழந்தை அழ, கேமரா நகராமல் நின்றால், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துவைத்து எழுதுங்க.