நெடுமொழியும் மெட்டும்: ‘வல்லவன்’ இசைத்தொகுதி பற்றிய ஒரு மலையக நோக்கு

கிராமியப் பாடல்களை ஆராய நாட்டாரியல் என்றொரு துறை எம்மிடையே வளர்ந்துள்ளது. செவ்விசையைப் பேணச் சபைகள் உள்ளன. திரைப்பாடல் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. ஆயின், இளைஞர்கள் தாமே ஆக்கித் தாமே பரப்பும் பாடல்கள் ‘மேனாட்டு இரைச்சல்’ என்ற ஒரு தொடரால் ஒதுக்கப்படுகின்றன. மரபுவாதிகள் மட்டுமன்றி, முற்போக்கு அணியைச் சார்ந்தோரிற் சிலரும் இவற்றை ஏகாதிபத்தியப் பண்பாட்டின் கழிவென்றே கருதுகின்றனர். பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் பஸ்களிலும், தோட்டப் பாதைகளில் ஓடும் முச்சக்கர வண்டிகளிலும் ஒலிக்கும் இத்தகைய பாடல்கள் தொழிலாளர் பிள்ளைகளை ஈர்ப்பதேன் என்ற வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. அவ்வினாவை, தமிழ் ஹிப்-ஹொப் இசையின் முன்னோடி ஆக்கமெனக் கொள்ளத்தக்க ‘வல்லவன்’ என்னும் தொகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘வல்லவன்’ 2006 ஆம் ஆண்டு மலேசியாவில் வெளிவந்தது. யோகி பி என்பவரும், டொக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரைக் கொண்ட ‘நட்சத்திரா’ குழுவும் இணைந்து இதனை ஆக்கினர். யோகி பி 1990களிலே ‘பொயெட்டிக் அம்மோ’ என்ற குழுவிற் சேர்ந்து பல மொழிகளிற் பாடியவர். தமிழ்த் திரைப்பட உலகின் தயவை நாடாது, அதற்கு வெளியே நின்று ஆக்கப்பட்டமை இத்தொகுதியின் முதற் சிறப்பாகும். தமிழில் வெகுசன இசை என்றால் திரையிசையே என்றிருந்த நிலையில், மலேசியாவில் உருவான ஒலித்தட்டொன்று தமிழகத்துக்கும் இலங்கைக்கும் சென்று பரவியமை சாதாரண நிகழ்ச்சியன்று.

இவ்விசை வடிவத்தின் தோற்றத்தை நோக்குவோர், அதனை வெறும் மேனாட்டுச் சரக்கென்று கூறத் தயங்குவர். 1973 ஓகஸ்ற் 11 ஆம் திகதி நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பமொன்றைச் சேர்ந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் நடத்திய ஒன்றுகூடலையே ஹிப்-ஹொப்பின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழற்றிகளில் மாறிமாறி இயக்கி, பாடலின் இடையே தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை அவர் நீட்டினார். அத்தாளத்தின் மீது பேச்சு ஏறியது. காலப்போக்கில் அப்பேச்சே பாட்டாயிற்று. வாத்தியம் வாங்க வசதியற்றோர், பிறர் ஆக்கிய இசைத்தட்டையே வாத்தியமாக்கிக் கொண்டனர் எனலாம். 1982 இல் கிராண்ட்மாஸ்ரர் பிளாஷும் அவர் குழுவினரும் வெளியிட்ட ‘த மெசேஜ்’ என்னும் பாடல் சேரி வாழ்வின் நெருக்கடியை இவ்வடிவத்தின் பொருளாக்கியது. உள்ளதைக் கொண்டு புதியதைச் செய்தல், தாளத்தின் மீது நேர்முகமாகப் பேசுதல் என்னும் இரண்டுமே பழைய பாணி ராப்பின் அடிப்படைகள். ‘வல்லவன்’ இவ்விரண்டையும் தமிழுக்குக் கொணர்ந்தது.

முதலாவது அடிப்படைக்குத் தொகுதியின் புகழ்பெற்ற பாடலான ‘மடை திறந்து’ தக்க சான்று. 1980 இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ திரைப்படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலே இதன் தளம். அத்திரைப்படம் வேலையற்ற இளைஞர்களைப் பற்றியது. அதில் வரும் இசைக்கலைஞன் ஒருவனின் வெற்றிக் கனவாகவே அப்பாடல் அமைந்தது. கால் நூற்றாண்டின் பின்னர் மலேசியத் தமிழ் இளைஞர் மூவர் அக்கனவின் குரலைத் தமதாக்கி, அதனூடே தமது பெயரையும் தமது மொழித்திறனையும் அறிவித்தனர். கேட்போருக்கு மெட்டு முன்னரே பழக்கமானது, சொல் புதியது. பழக்கத்தின் இதமும் புதுமையின் அதிர்ச்சியும் ஒருங்கே கிடைப்பதால் ஈர்ப்பு இரட்டிக்கின்றது.

இம்முறை மலையகத்துக்குப் புதியதன்று. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளருக்குப் பழக்கமான மெட்டுகளில் அரசியற் செய்திகளை அமைத்துக் கூட்டங்களிற் பாடினார். அவர் 1940 இல் இலங்கை வாழ் இந்தியரின் நிலை குறித்த பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே துண்டுப்பிரசுரத்தைவிட மெட்டு விரைந்து சென்றது. தெரிந்த மெட்டில் தெரியாத செய்தியை ஏற்றும் அவ்வுத்தியும், பழைய இசைத்தட்டின் மீது புதிய சொல்லை ஏற்றும் இவ்வுத்தியும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. எமது இளைஞர் ராப் இசையை அந்நியமாக உணராமைக்கு இஃது ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது அடிப்படை தாளமும் பேச்சும் பற்றியது. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியிறுதி ஒலியொப்புமையை, அதாவது எமது யாப்பிலக்கணம் இயைபு என்பதை, நம்பி நிற்பது. தமிழிலோ மோனையும் எதுகையும் அடியின் தொடக்கத்திலேயே ஒலியை முடுக்கிவிடுகின்றன. வல்லினம் இரட்டிக்கும் சொற்கள் தாளத்தின் அடியோடு மோதும்போது சொல்லே பறையாகின்றது. தோட்டத்து மக்களுக்குத் தாளம் கேளிக்கையோடு மட்டும் தொடர்புடையதன்று. விடியலிற் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்தை நடத்தியதும் தப்பு. சாவீட்டில் அழுததும் தப்பு. வேலைக்கு விரட்டிய அதே தாளத்திலே தம்முடைய சொல்லை ஏற்றுவது, அத்தாளத்தை மீட்டெடுப்பதுமாகும்.

இனி உள்ளடக்கத்தை நோக்குவோம். தொகுதியின் பெயரே ‘வல்லவன்’. ‘நான்’ என்னும் தற்புகழ்ச்சி அதன் மையம். இதனை இளைஞரின் செருக்கு என ஒதுக்கும் விமர்சகர், தமிழ்ப் புறப்பொருள் மரபை மறந்துவிடுகின்றனர். வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதை நெடுமொழி கூறல் எனக் கரந்தைத் திணையில் ஒரு துறையாகவே எமது இலக்கணகாரர் வகுத்தனர். சங்கச் செய்யுள்களை வாய்மொழிக் கவிதைகளாக நோக்கிய க. கைலாசபதி, தமது 1968 ஆம் ஆண்டின் ஆங்கில நூலில், வீரயுகப் புலவரின் நிலைத்த வாய்பாடுகளையும் அவையறிந்து பாடும் இயல்பையும் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாய்வின் ஒளியிற் பார்க்கையில், அவைமுன் நின்று, எதிரியை விளித்து, ஆயத்தமான வாய்பாடுகளை விரைந்து கோக்கும் ராப் பாடகர் பொருநருக்கு அத்துணைத் தூரத்தவரல்லர்.

எனினும், ஒப்புமையோடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. நெடுமொழி ஏன் 2006 இல், மலேசியாவில் எழுந்தது? இறப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையிற் கொண்டுசெல்லப்பட்டோரின் சந்ததியினர், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் நகரின் விளிம்புகளிற் குடியேறினர். தோட்டம் தந்த குறைந்தபட்ச ஒட்டுறவும் கலைந்தது. நகரமும் அவர்களை வரவேற்கவில்லை. தொகுதி வெளிவந்த மறு ஆண்டு, 2007 நவம்பர் 25 ஆம் திகதி, கோலாலம்பூர் வீதிகளிலே மலேசிய இந்தியர் பல்லாயிரவராய்த் திரண்டனர். பாடல் அவர்களைத் திரட்டியது எனக் கூறுவது மிகையாகும். ஆனால் ‘நான் வல்லவன்’ என்று ஓர் இளைஞன் உரத்துக் கூறவேண்டிய சூழலும், மக்கள் வீதிக்கு வந்த சூழலும் ஒன்றே. பிறர் மதியாத இடத்தில் தன்னைத் தானே மதித்தல் அரசியலின் முதற்படியாகும். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

முதற்படியே முடிவாகிவிடுவதிற்றான் இத்தொகுதியின் வரையறை தெரிகின்றது. இங்கு ‘நான்’ உண்டு. ‘நாம்’ அருகியே ஒலிக்கின்றது. வெற்றி தனிமனித வெற்றியாகவே கற்பிக்கப்படுகின்றது. எனவே, திரையுலகு அதனை எளிதில் உள்வாங்க முடிந்தது. 2007 இல் ‘பொல்லாதவன்’ திரைப்படத்திலே மற்றுமொரு பழைய பாடலின் மறுவடிவத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. புறத்தே நின்ற கலை ஓராண்டினுள் அகத்தே அழைக்கப்பட்டுவிட்டது. மேலும், குழுவினர் மூவரும் ஆடவர். மலையக வாய்மொழி மரபிலோ தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் ஆக்கங்கள். கொழுந்து மலையிற் கூடை சுமந்தவரும் பெரும்பாலும் அவர்களே.

இக்குறையை நிரப்பும் திசை பின்னர் தமிழகத்திலிருந்து தென்பட்டது. 2018 இல் மேடையேறிய ‘காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்’ குழுவிற் பாடிய அறிவு, 2019 இல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் ‘தெருக்குறல்’ தொகுதியை வெளியிட்டார். சாதியும் நிலமும் அங்கே நேரடிப் பொருளாயின. 2021 இல் அவர் எழுதித் தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து பிறந்தது. அதில் ஒப்பாரியின் சாயலும் ராப்பின் வேகமும் இணைகின்றன. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ்ப் பிரிக்கப்பட்ட குடும்பங்களின் கதை, அரைநூற்றாண்டின் பின் இவ்வாறு எம்மிடம் திரும்பி வந்துள்ளது. எமது மலைகளின் கதையை உலகறியச் செய்த ராப் பாடல் எமது மலைகளுக்கு வெளியே ஆக்கப்பட்டமை எமது ஆய்வாளரும் கலைஞரும் சிந்திக்க வேண்டிய விடயம்.

பூண்டுலோயாவுக்கு அணித்தான மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல அழிந்திருக்கும். அன்று அவற்றையும் இலக்கியமென ஏற்காதோர் இருந்தனர். இன்று எமது இளைஞர்கள் கைத்தொலைபேசியிற் பதிந்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, சாதனம் பழுதானதும் இழந்துவிடும் பாடல்கள் அதே நிலையிலுள்ளன. அவற்றிற் பெரும்பகுதி போலச் செய்தலாக இருக்கலாம். தோட்டத்து வழக்கு நாணத்துடன் மறைக்கப்பட்டு, சென்னைப் பேச்சோ ஆங்கிலமோ முன்னிறுத்தப்பட்டிருக்கலாம். வகுப்பறையிற் பழிக்கப்பட்ட மொழியைப் பாட்டில் ஒளிக்க முயல்வது இயல்பே. அந்நாணத்தைப் போக்குவது விமர்சனத்தின் பணி. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பாடல்களைப் பதிந்து, பாடியோர் பெயருடன் பேணி, ஏனைய கவிதைக்குரிய அளவுகோல்களாலேயே கண்டிப்புடன் மதிப்பிட முன்வரவேண்டும்.