'பெயின்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழின் நோவுச் சொற்களும்: பெங்களூருத் தமிழை முன்வைத்து

முன்னுரை

உடல் துன்பத்தைக் குறிக்கும் 'பெயின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கில–தமிழ் அகராதிகள் பொதுவாக வலி, நோவு, வேதனை, துன்பம் என்பனவற்றை அடுக்கித் தருகின்றன. இவை தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன, எவ்வுறுப்பிற்கு எச்சொல் பொருந்தும் என்பவற்றை அவை விளக்குவதில்லை. இக்குறை மருத்துவமனையில் நோயாளி தம் நிலையை எடுத்துரைக்கும் இடத்தில் பெரிதாகிறது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

சொற்பொருள் வரலாறு

'பெயின்' என்பது தண்டனையைக் குறிக்கும் 'பீனா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. தண்டனைச் சட்டத்தைக் குறிக்கும் 'பீனல்' என்பதும் அம்மூலத்ததே. 'ஏக்' என்பதோ ஆங்கிலத்தின் பழஞ்சொல். மந்தமாக நீடிக்கும் நோவைச் சுட்டுவது. தலை, பல், வயிறு, முதுகு, காது போன்ற சிலவற்றோடு மட்டுமே அது ஒட்டி நிற்கும். தமிழில் இரண்டிற்கும் 'வலி' என்றே எழுதிவிடுகிறோம்.

தமிழில் 'வலி' பண்டு வன்மையைக் குறித்தது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல் இதற்குச் சான்று. வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்ற பொருளும் உண்டு; வலிப்பு என்ற நோய்ப்பெயரை இதனோடு இணைத்து எண்ணலாம். உடல், உள்ளம் இரண்டின் துன்பத்திற்கும் பண்டு வழங்கியவை நோ, நோய் என்பனவே. குறுந்தொகையின் 4ஆம் பாடலில் நோதல் வினை நெஞ்சின்மேல் ஏற்றி மும்முறை கூறப்படுகிறது. தொல்காப்பிய உரியியல் பையுள், சிறுமை என்ற உரிச்சொற்களுக்கு நோய் என்றே பொருள் உரைக்கிறது. பிற்காலத்தில் 'நோய்' பிணி என்ற பொருளில் ஒடுங்க, அதன் இடத்தை வலியும் நோவும் நிரப்பின எனலாம்.

'வேதனை'யின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. பௌத்த மரபில் அது இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்ற மூவகை உணர்வையும் தழுவியது. மணிமேகலை அதனை 'நுகர்வு' எனத் தமிழாக்கியது. இன்று தமிழில் வேதனைக்குத் துன்பப் பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது.

பெங்களூரு வழக்கு

பெங்களூருவில் தமிழும் கன்னடமும் நாள்தோறும் உறவாடுகின்றன. தமிழின் நோவு கன்னடத்திலும் 'நோவு' எனவே வழங்குகிறது. தமிழ் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது மரபு (வேர் – பேரு, வில் – பில்லு). அம்முறையில் வலிக்கு இனமான கன்னடச் சொல் வலுப்படுதலைக் குறிக்குமேயன்றி நோவைக் குறிக்காது. தொடரமைப்பிலோ இருமொழிகளும் ஒன்றுபடுகின்றன. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதில் துன்புறுவோர் நான்காம் வேற்றுமையிலும் உறுப்பு எழுவாயாகவும் நிற்றல்போலவே கன்னடத்திலும் நிற்கும்.

இவ்விரண்டிற்கும் நடுவே 'பெயின்' பொதுச்சொல்லாகப் புகுந்துள்ளது. 'முழங்கால் குடையுது' என்பது 'முழங்காலில் பெயின் இருக்கு' என மாறும்போது இழக்கப்படுவது ஒரு சொல் மட்டுமன்று. எழுவாயாக நின்ற உறுப்பு இடமாகிறது. நோவின் தன்மையைச் சுட்டிய வினை மறைந்து வெறும் 'இருத்தல்' எஞ்சுகிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு, பிடிப்பு, கூச்சம் என்ற சொற்களெல்லாம் ஒரு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. பிறமொழிச் சொல் புகுந்தது என்பதைக் காட்டிலும் இவ்வேறுபாடுகள் அழிவதே இங்குக் கவலைக்குரியது. தூய தமிழாக 'வலி இருக்கிறது' என்றாலும் இழப்பு அதுவே.

மருத்துவமும் சட்டமும்

இவ்வேறுபாடுகளின் பயனை மருத்துவ உலகம் உணர்ந்துள்ளது. ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வினாநிரல் நோவை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை நரம்புப் பாதிப்பை நோக்கி மருத்துவரைச் செலுத்தும். மாரடைப்புற்றோர் பலர் தம் நிலையை வலி என்னாது பாரம், இறுக்கம் என்பர். அத்தகையோரிடம் 'வலி இருக்கிறதா?' என்று மட்டும் வினவினால் 'இல்லை' என்ற விடையே கிடைக்கக்கூடும். ஆங்கில நிரலைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதாலும் இக்குறை தீராது; தமிழர் வழங்கும் சொற்களிலிருந்தே நிரல் எழவேண்டும்.

சட்டத்திலும் இச்சிக்கல் உண்டு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 319ஆம் பிரிவு, உடல்நோவு, நோய், உடல் தளர்ச்சி மூன்றையும் தனித்தனியே சுட்டி, இவற்றுள் ஒன்றை விளைத்தலே காயப்படுத்தல் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 114ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. பழந்தமிழின் 'நோய்' முதலிரண்டையும் ஒருங்கே தழுவுவது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் அதனைப் பிணிக்கு மட்டும் வரையறுத்தே ஆளவேண்டியவராகிறார்.

முடிவுரை

நோவு குறித்த பன்னாட்டு ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தம் நோவைப் பற்றிக் கூறுவது மதிக்கப்படவேண்டும் எனக் குறிப்பிட்டது. கூறுவோரின் சொற்களை அறியாது அக்கூற்றை மதித்தல் இயலாது. எனவே அகராதியாளர் நிகர்ச்சொற்களை அடுக்குவதோடு அமையாது, உறுப்பு, தன்மை, கால அளவு, வட்டாரம் ஆகியவற்றைக் குறித்து வேறுபடுத்தல் வேண்டும். ஈழத்தார் தலைவலியைத் 'தலையிடி' என்பதும் அதில் இடம்பெறுதல் தகும். தமிழ்த்துறைகளும் மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து இப்பணியைத் தொடங்குவதற்கு, பன்மொழி நகராகிய பெங்களூரு ஏற்ற களமாகும்.