மாறுபாடும் மரியாதையும்

பொதுவாழ்வில் நாகரிகம் என்னும் பொருளைப் பற்றித் தமிழ்நாட்டில் எவர் பேசத் தொடங்கினாலும், ராஜாஜி, பெரியார் ஆகிய இருவரின் நட்பை எடுத்துக்காட்டாது முடிப்பதில்லை. அரசியல் மேடைகளில் மட்டுமன்றி நம் பிரசங்க பீடங்களிலும் இவ்வுதாரணம் அடிக்கடி கையாளப்பட்டு வருகிறது. இது உண்மையில் எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்கவில்லை என்பதை ஆராய்வது திருப்பணியாளருக்கும் இறையியல் மாணவருக்கும் பயன் தருவதாகும்.

முதலில் செய்திகளை நினைவுகூர்வோம். சேலத்தில் வழக்கறிஞராயிருந்த ராஜாஜி அந்நகராட்சியின் தலைவராயிருந்தார். ஈரோட்டு வணிகராகிய பெரியார் தம் ஊரின் நகராட்சித் தலைவராயிருந்தார். அந்நாளில் அரும்பிய நட்பு காங்கிரஸ் பணியில் வளர்ந்தது. 1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு விலகினார். 1938-ல் ராஜாஜியின் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியபோது, அதை எதிர்த்த பெரியாரை அவ்வரசே சிறையிலிட்டது. 1953-ல் ராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். ஆயினும், 1972 டிசம்பர் 25-ஆம் நாள் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதில் தள்ளாத உடலோடு இறுதிச் சடங்கிற்கு வந்து பெரியார் கண்ணீர் விட்டழுதார். மறு ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவரும் மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் வழக்கமாய்ப் பெறும் பாடம், கொள்கை வேறு, நட்பு வேறு என்பதே. இப்பாடம் பிழையன்று, ஆனால் குறையுடையது. ஏனெனில் இது மரியாதையை வீட்டின் உள்ளறைக்கு உரியதாக்கி, மேடையைக் கட்டுப்பாடின்றி விட்டுவிடுகிறது. தனியறையில் தேநீர் அருந்தியவர்கள் மேடையில் எதையும் பேசலாம் என்னும் எண்ணத்திற்கு இது இடமளிக்கிறது. பெரியார் தம் எதிராளிகளைக் குறித்து மென்மையாகப் பேசியவர் அல்லர். 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தைக் குலக்கல்வி என்றே அவர்தம் இயக்கம் அழைத்தது. இருவரின் நட்பைக் கூறும்போது இக்கடுமையை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது.

அக்கடுமைக்குக் காரணமும் இருந்தது. அத்திட்டத்தின்படி கிராமப்புறப் பிள்ளைகள் நாளில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பள்ளியில் கற்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே மேலும் பல பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பது ராஜாஜியின் வாதம். தகப்பனின் தொழிலைப் பிள்ளைக்கு விதிப்பது சாதியைப் பள்ளிக்குள் கொண்டுவருவதாகும் என்பது எதிர்த்தோரின் வாதம். செருப்புத் தைப்பவரின் மகனுக்கும் வழக்கறிஞரின் மகனுக்கும் இத்திட்டம் ஒரே பொருளைத் தரவில்லை. இத்தகைய வழக்கில் நட்பை முன்னிட்டு வாதத்தைத் தளர்த்தியிருந்தால் அது நாகரிகமாகாது; ஏழைப் பிள்ளைகளைக் கைவிடுவதாகவே முடிந்திருக்கும். ஆகவே மரியாதை என்பது கருத்தைக் குறைத்துக் கூறுதல் அன்று என்பதை நாம் முதலாவதாக உணர வேண்டும்.

பொதுவாழ்வில் மரியாதை எப்படியிருக்கும் என்பதற்கு இதே நிகழ்ச்சியின் அடுத்த கட்டம் இன்னும் தெளிவான சான்று என்பது நம் கருத்து. 1954-ல் ராஜாஜி பதவி விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்துப் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் போட்டியிட்டுத் தோற்றார். தோற்றவர் ராஜாஜியின் அமைச்சரவையில் பணியாற்றியவர். வென்ற காமராஜர் அவரை ஒதுக்கவில்லை. தம் சிறிய அமைச்சரவையில் கல்விப் பொறுப்பை அவருக்கே அளித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. முன்னைய அரசின் திட்டத்தை முடிவுக்குக் கொணரும் பணி, அவ்வரசில் அமைச்சராயிருந்தவரின் பொறுப்பின் கீழேயே நிகழ்ந்தது. அதன்பின் பள்ளிகள் பெருகியதிலும், பகலுணவுத் திட்டம் பரவியதிலும் இருவரும் இணைந்து உழைத்தனர்.

இதற்கு முன்னோடியான நிகழ்ச்சியும் கொங்கு மண்ணோடு தொடர்புடையதே. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் நீதிக்கட்சியில் இருந்தவர். 1932-ல் ஒட்டாவா மாநாட்டில் கலந்துகொண்டதற்காகக் காங்கிரசாரின் கண்டனத்திற்கு ஆளானவர். ஆயினும் 1947-ல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராய் அவரையே நேருவின் அமைச்சரவை ஏற்றது.

இவ்விரண்டிலும் நாம் காண்பது வெறும் கண்ணீரோ கைகுலுக்கலோ அன்று. எதிர்த்தவரின் திறமையை ஏற்று, அவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஒழுங்கு இது. தோற்றவருக்கும் நாளை ஒரு பணி உண்டு என்னும் உறுதி இருக்குமிடத்தில், தோல்வி அவமானமாகாது. தோல்வி அவமானமாகாத இடத்தில், வாதம் பகையாகாது. நம் சபைத் தேர்தல்களில் தோற்ற அணியினர் அடுத்த நாளே நீதிமன்றத்தை நாடுவதன் காரணத்தை இங்கே தேடலாம். அவர்களுடைய குணக்கேட்டை மட்டும் குறைகூறுதல் போதாது. தோற்றவர்க்கு எந்தக் குழுவிலும் இடமில்லை என்னும் நம் வழக்கத்தையும் நாம் சோதித்தறிய வேண்டும்.

எனினும், மேற்கூறிய சான்றுகள் யாவும் ஒரு வரம்புக்கு உட்பட்டவை. ராஜாஜியும் பெரியாரும், காமராஜரும் சுப்பிரமணியமும், பொதுவாழ்வில் நிகரான நிலையில் நின்றவர்கள். நிகரானவர்க்கிடையே மரியாதை எளிது. இந்தி எதிர்ப்பில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் மாண்டனர். தலைவர்களின் நட்பு அவ்விரு குடும்பங்களுக்கு ஆறுதலாகியிருக்க முடியாது. ஆதலின், நிகரற்றவரிடத்தில் நம் மரியாதை எவ்வாறிருக்கிறது என்பதே மெய்யான சோதனை.

கொங்கு நாட்டார் தம் பேச்சின் பணிவைப் பெருமையாய்க் கூறுவர்; அது நியாயமே. ‘ஆமாங்க’ என்பது போலவே ‘இல்லீங்க’ என்பதிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுப்பையும் மதிப்போடு சொல்லத் தெரிந்த மொழி இது. ஆனால் இம்மரியாதை எல்லாத் திசையிலும் ஓடியதா? பண்ணாடி வீட்டுச் சிறுவன், தோட்டத்தில் உழைத்த முதியவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்ததையும், அம்முதியவர் அச்சிறுவனைச் ‘சாமி’ என்றதையும், தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததையும் நாம் அறிவோம். மேல்நோக்கி மட்டும் ஓடும் மரியாதைக்கு அச்சம் என்றே பெயர். அந்த முதியவர் ‘இல்லீங்க’ என்று சொல்லக்கூடிய நிலை இருந்ததா என்பதைக் கொண்டே அவ்வூரின் நாகரிகத்தை அளக்க வேண்டும். நம் கிராமச் சபைகளில் பல அத்தகையோரின் பிள்ளைகளால் ஆனவை என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கு ஓர் அபாயமும் உண்டு. கூலி கேட்பவரும் நீதி கேட்பவரும் குரலை உயர்த்தும்போது, ‘மரியாதையாகப் பேசு’ என்று கூறி அவர்கள் வாயை அடைப்பது எளிது. பேச்சின் தொனியைக் காட்டிப் பேச்சின் பொருளைத் தள்ளிவிடும் தந்திரம் இது. ஆலோசனைச் சங்கத்தின் முன் பவுல் நின்ற நிகழ்ச்சி இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகிறது. நியாயப்பிரமாணத்திற்கு மாறாகத் தம்மை அடிக்கக் கட்டளையிட்டவரை அவர் கடுஞ்சொல்லால் சாடினார். அவர் பிரதான ஆசாரியர் என்று அறிவிக்கப்பட்டபோது, அப்பதவிக்குரிய மரியாதையை ஒப்புக்கொண்டார். ஆனால் தமக்கு இழைக்கப்பட்டது அநீதி என்னும் முறையீட்டை அவர் திரும்பப் பெறவில்லை. சொல்லைத் திருத்துவது வேறு, வழக்கைக் கைவிடுவது வேறு.

ஆயர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்புண்டு. பிரசங்க பீடத்தில் பேசுகிறவருக்கு அங்கேயே மறுமொழி கூற எவராலும் இயலாது. ஆகவே அங்கிருந்து அரசியல் கருத்தையோ சபைப் பிரச்சினையையோ தொடுகிறவர், மாறுபடுகிறவரின் வாதத்தை அவரே ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என ஏற்கும் வண்ணம் முதலில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். அதன்பின் மறுக்கலாம்; உறுதியாகவே மறுக்கலாம். குழுக் கூட்டத்திலும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளியின் கருத்தைக் கேட்ட பின்னரே தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவது நலம். அவர் ‘இல்லீங்க’ என்று சொன்னால், அச்சொல்லை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதுவோமாக.